ஜப்பான்ல வீட்டுக்குள்ள இட்டோ மீன் வளர்க்கணுமா? மீனைக் கடைசியா வாங்குங்க

இட்டோங்கறது ஹொக்கைடோ ஆறுகள்ல இருக்கற சால்மன் குடும்பத்து வேட்டை மீன். ஒரு மீட்டருக்கு மேல வளரும், 15 வருஷம் 20 வருஷம்னு உயிரோட இருக்கும், சின்ன மீன், தவளை, எலின்னு வாயில நுழையற எதையும் விடாது. கடையில இதோட விரல் நீளக் குஞ்சைப் பார்த்துட்டு ஆசைப்பட்டு வாங்கிட்டுப் போறாங்க, ஆகஸ்ட் வருது, மீன் செத்துடுது. நான் இதுல இறங்கினப்ப தகவல் எல்லாம் ஜப்பானீஸ்ல அங்கொண்ணும் இங்கொண்ணுமா கிடந்துச்சு, வீட்டு ஓனர், இன்சூரன்ஸ், கரண்ட் கம்பெனின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன கேக்கணும்னே தெரியாம அலைஞ்சேன். இங்க புதுசா வந்து பெரிய மீன் ஆசை வெச்சிருக்கற நம்மாளுங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாமேன்னுதான் எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன், இந்த வேலையில முக்கால்வாசி தண்ணியை 15 டிகிரில நிறுத்தறதுதான். மத்ததெல்லாம் சாதாரண மீன் வளர்ப்பு. அதனால கீழ இருக்கற வரிசையை மாத்தாதீங்க, மீன் ஆறாவதாத்தான் வரும்.

1. எந்த மீனை வெச்சுக்கலாம், எதை வெச்சா போலீஸ் வரும்

குளிர் தாங்கற பெரிய வேட்டை மீன்னு தேடினா முதல்ல வர்றது பைக் (pike), மஸ்கி (muskie), கார் (gar), ஐரோப்பா கெளுத்தி இந்த மீனெல்லாம்தான். ஜப்பான்ல இது எதுவுமே உங்களுக்குக் கிடையாது. இதெல்லாம் 'தொக்குதெய் காய்ராய் செய்புட்சு' பட்டியல்ல இருக்கு, அதாவது அரசாங்கம் தடை பண்ணின வெளிநாட்டு உயிரினம். கார் மீன் குடும்பம் மொத்தமும், கலப்பினம் உட்பட, 2018 ஏப்ரல்ல உள்ள வந்துடுச்சு. லார்ஜ்மவுத் பாஸ், ப்ளூகில், சேனல் கெளுத்தி இதெல்லாம் 2005லயே. வளர்க்கறது, விக்கறது, அடுத்தவங்களுக்குக் கொடுக்கறது, உயிரோட தூக்கிட்டுப் போறது எல்லாமே குற்றம். தனி நபருக்கு அதிகபட்சம் 3 வருஷம் ஜெயில் இல்ல 30 லட்சம் யென் அபராதம் வரைக்கும் போகலாம். வீட்டுல ஆசைக்கு வளர்க்கறேன்னு புதுசா பர்மிஷன் கேட்டா கிடைக்காது.

நம்மாளுங்க ரெண்டு இடத்துல மாட்டறாங்க. ஒண்ணு, பிவா ஏரியிலயோ கசுமிகவுராவுலயோ தூண்டில் போட்டு ஒரு பாஸோ கெளுத்தியோ மாட்டுனதும் வாளியில போட்டு வீட்டுக்குக் கொண்டு வர்றது. அந்த வாளியோட வண்டியை எடுத்தாலே தப்பு. ரெண்டு, ஊரைக் காலி பண்ணிட்டுப் போற யாராவது "இந்த கார் மீனைச் சும்மாவே எடுத்துக்கோங்க"ன்னு கொடுக்கறது. அவருக்குத் தடைக்கு முன்னாடி வளர்த்ததுக்கான பர்மிட் இருந்தாலும் அது அவர் பேர்ல இருக்கறது, உங்க பேருக்கு மாறாது. விசா புதுப்பிக்க வேண்டிய நிலைமையில இருக்கறவங்க இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க.

இட்டோ உள்ளூர் மீன், இந்தச் சட்டத்துல வராது. ஆனா அது அழியற நிலைமையில இருக்கற இனம், உலக சிவப்புப் பட்டியல்ல மிக மோசமான நிலையில வெச்சிருக்காங்க. அதனால ஆத்துல பிடிச்சதுன்னு யாராவது வித்தா வாங்காதீங்க. பண்ணையில வளர்த்த குஞ்சு தாராளமா கிடைக்குது, அவோமொரி பக்கம் அஜிகசாவா ஊர்ல இட்டோ வளர்த்து சாப்பாட்டுக்கே விக்கறாங்க. கடையில 'யோஷொகு', அதாவது பண்ணை மீன், அப்படின்னு பில்லுல எழுதி வாங்கி பத்திரமா வெச்சுக்கோங்க.

2. வீட்டு ஓனர், தரை, இன்சூரன்ஸ்

வாடகை வீடா இருந்தா ஒப்பந்தத்தை எடுத்து வளர்ப்புப் பிராணி பத்தின பகுதியைப் படிங்க. நாய் பூனை கூடாதுன்னு மட்டும் போட்டிருந்தா மீனுக்கு ஓகேன்னு நினைச்சுக்காதீங்க, நிறைய ஒப்பந்தத்துல "கனமான பொருள்" பத்தி தனியா ஒரு வரி இருக்கும், பெரிய தொட்டி அதுலதான் மாட்டும். மேனேஜ்மென்ட் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க. தொட்டியோட நீள அகலம், மொத்த எடை, எந்த மாடி, எந்தச் சுவர் ஓரம், நாலையும் எழுதி அனுப்பி எழுத்துல பதில் வாங்குங்க. போன்ல "சரி சரி"ன்னு சொல்ற ஆள் ஆறு மாசத்துல வேற கிளைக்கு மாறிடுவார்.

எடைக் கணக்கைப் பாருங்க. 120க்கு 60க்கு 60 செ.மீ. தொட்டி 432 லிட்டர் பிடிக்கும். தொட்டி, ஸ்டாண்ட், கீழ வெக்கற ஃபில்டர் தொட்டி எல்லாம் சேர்ந்தா 600 கிலோவை சுலபமா தாண்டும், அது உட்கார்ற இடமோ 0.72 சதுர மீட்டர்தான். ஜப்பான் கட்டடச் சட்டத்துல குடியிருப்புத் தரைக்கு எடுத்துக்கற பாரம் சதுர மீட்டருக்கு 1,800 நியூட்டன், அதாவது சுமாரா 180 கிலோ. நீங்க வெக்கப் போறது சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல. அந்த 180 ரூம் முழுக்கப் பரவின பாரத்துக்கான கணக்குங்கறதால உடனே தரை இடிஞ்சிடாது, ஆனா மர வீட்டு மாடியில இதை யோசிக்கவே கூடாது. தரைத்தளம், அதுவும் கான்கிரீட் வீடு, சுவர் ஓரம், அடியில கெட்டியான பலகை. சொந்த வீடுன்னா கட்டினவங்களைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க.

இன்சூரன்ஸ்ல ஒரு குழி இருக்கு. வாடகைக்கு வந்தப்ப எடுத்த தீ விபத்து பாலிசியில "தண்ணி சேதம்"னு ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்து நிம்மதியா இருக்காதீங்க. அது பொதுவா கட்டடத்துக் குழாய் உடைஞ்சு வர்ற தண்ணிக்குத்தான். உங்க தொட்டி கசிஞ்சு கீழ்வீட்டுக்காரர் சீலிங் ஊறிப்போனா அதுக்குக் கை கொடுக்கறது 'கொஜின் பாய்ஷோ', அடுத்தவங்களுக்கு நாம ஏற்படுத்தற நஷ்டத்துக்கான பாலிசி. அது உங்க பாலிசியில இருக்கா, மீன் தொட்டிக் கசிவும் அதுல வருமான்னு ரெண்டு கேள்வியையும் கேளுங்க. பூகம்பத்துல தொட்டி கவுந்தா அது வேற கணக்கு, இந்தப் பாலிசி எதுவும் சாதாரணமா அதுக்கு வராது.

3. கரண்ட்

இங்க 100 வோல்ட், ஒரு பிளக் பாயின்ட்ல 1,500 வாட் வரைக்கும்தான். டோக்கியோ பக்கம் வீட்டுக்கு 30 ஆம்பியர் 40 ஆம்பியர்னு கான்ட்ராக்ட் இருக்கும். 30 ஆம்பியர் வீட்டுல ஏசி, சில்லர் (தொட்டித் தண்ணியைக் குளிர வெக்கற மெஷின்), மைக்ரோவேவ் மூணும் ஒண்ணா ஓடினா பிரேக்கர் விழுந்துடும். நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது வீட்டுல இருக்கறவங்க சாப்பாடு சூடு பண்ணி பிரேக்கர் விழுந்து, அவங்க லைட் வந்தா போதும்னு மறுபடி போட்டுட்டு சில்லரை ஆன் பண்ணாம விட்டா, சாயந்திரம் மீன் மேல வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். சில்லருக்குத் தனி சர்க்யூட்ல இருந்து பாயின்ட் எடுங்க, ஆம்பியரை ஏத்துங்க. கரண்ட் போய் வந்தா தானா ஆன் ஆகற மாடலான்னு வாங்கும்போதே பாருங்க.

பழைய சாமான் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. ஜப்பான்ல கிழக்குல 50 ஹெர்ட்ஸ், மேற்குல 60 ஹெர்ட்ஸ். ஒசாகாக்காரர் விக்கற பம்ப் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும்னா டோக்கியோவுல சரியா ஓடாது. ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

மாசச் செலவு எப்படிப் போடறதுன்னா, சில்லர் 500 வாட், வெயில்காலத்துல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுதுன்னா 6 யூனிட். யூனிட் 31 யென்னுன்னு வெச்சா 186 யென், மாசத்துக்கு 5,600 கிட்ட. பம்புக்கு ஒரு ஆயிரம். ஆனா உண்மையான செலவு ஏசிதான். சில்லர் தண்ணியில இருந்து எடுக்கற சூட்டை எங்க விடுது? உங்க ரூமுக்குள்ளதான். அடைச்ச ரூம்ல ஏசி இல்லாம சில்லர் ஓடினா ரூம் சூடாகி, சில்லர் இன்னும் அதிகமா ஓடி, ரூம் இன்னும் சூடாகி, கடைசில ரெண்டுமே தோத்துடும். ஜூலை ஆகஸ்ட் ரெண்டு மாசமும் ஏசி ராத்திரி பகலா ஓடும்னு எழுதி வெச்சுக்கோங்க. இந்தச் செலவு கட்டுபடியாகலைன்னா இதோட நிறுத்திட்டு கடைசிப் பகுதிக்குப் போங்க, அங்க வேற வழி சொல்லியிருக்கேன்.

4. தொட்டியும் சில்லரும்

120 செ.மீ. தொட்டி இட்டோவுக்கு ஆரம்பத் தொட்டி மட்டும்தான். மீன் 50 செ.மீ. தாண்டினா திரும்பறதுக்கே கஷ்டப்படும். கடைசி வரைக்கும் வெச்சுக்கணும்னா 180க்கு 90க்கு 60, அதுல தண்ணி மட்டும் கிட்டத்தட்ட ஒரு டன். அதுக்கு இடமும் தரையும் இருக்கான்னு இன்னைக்கே அளந்து பாருங்க, "அப்புறம் பெருசா வாங்கிக்கலாம்"னு சொல்றவங்க யாரும் அப்புறம் வாங்கறதில்லை.

கண்ணாடியா அக்ரிலிக்கான்னு கேட்டா, குளிர் தண்ணிக்கு அக்ரிலிக்தான். கீறல் விழும், வெலையும் அதிகம், ஆனா கண்ணாடியை விட அஞ்சுல ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும். ஃபில்டர் கீழ் தொட்டியோட 120 செ.மீ. அக்ரிலிக் செட் புதுசா சுமாரா ஒன்றரை லட்சத்துல இருந்து மூணு லட்சம் யென் வரைக்கும் போகும். பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, அடி, மூடி எல்லாத்துக்கும் 3 செ.மீ. தெர்மோகோல் ஒட்டுங்க. அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா கரண்ட் பில்லுல தெரியும்.

சில்லர்தான் எல்லாரும் ஏமாறற இடம். பெட்டியில "600 லிட்டர் வரை"ன்னு போட்டிருப்பாங்க. அது பெரும்பாலும் வெளியில 30 டிகிரி இருக்கும்போது தண்ணியை 25 டிகிரிக்குக் கொண்டு வர்ற கணக்கு, வெப்ப மண்டல மீனுக்கும் பவளத்துக்கும் வேண்டியது. நமக்கு வேண்டியது 15, வித்தியாசம் 5 டிகிரி இல்ல, 15 டிகிரி. கேட்டலாக்ல 15 டிகிரிக்கான அட்டவணை இருந்தா அதைப் பாருங்க, இல்லாத மாடலை வாங்காதீங்க. நான் போன கடையில ஒருத்தர் லிட்டர் கணக்கை மட்டும் காட்டி சின்ன மாடலைத் தள்ளிவிடப் பார்த்தார், "15 டிகிரிக்கு இது எத்தனை லிட்டர் தாங்கும்"னு கேட்டதும் உள்ள போய் வேற கேட்டலாக் எடுத்துட்டு வந்தார். சரியான சைஸ் சில்லர் ஒரு லட்சம் யென்னுக்குக் கீழ வரும்னு எதிர்பார்க்காதீங்க.

இன்னொண்ணு வேர்வை. 27 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் இருக்கற ரூம்ல 21 டிகிரிக்குக் கீழ இருக்கற எந்தப் பொருளும் வேர்க்கும். ஜூன் மாச மழைக்காலத்துல குழாய் வளைவுல, ஃபில்டர் தொட்டியோட அடி விளிம்புல முத்து முத்தா சேர்ந்து, ஸ்டாண்ட் உள்பக்கக் கால் வழியா இறங்கித் தரைப் பலகைக்கு அடியில போய் நிக்கும். மேல பார்த்தா ஒண்ணுமே தெரியாது, கையை அடியில விட்டுத் தடவினாத்தான் கருப்பா பூஞ்சை வழவழன்னு ஒட்டும். வீட்டைக் காலி பண்ணும்போது டெபாசிட்டுல பிடிக்கறது இதுக்குத்தான். ஏசி குழாய்க்குச் சுத்தற கருப்பு ஸ்பான்ஞ்ச் ஹோம் சென்டர்ல மீட்டர் கணக்குல கிடைக்கும், சில்லர் குழாய் முழுக்க வளைவு விடாம சுத்துங்க, ரூம் ஈரத்தை இழுக்கற டீஹ்யூமிடிஃபையர் ஒண்ணும் வேணும்.

5. மீன் இல்லாம ஒரு ஆகஸ்ட் ஓட்டிப் பாருங்க

இதை யாரும் செய்யறதில்லை, நான் இதைத்தான் முக்கியமா சொல்லுவேன். தொட்டியை மே மாசமே வெச்சு, தண்ணி நிரப்பி, முதல்ல ரூம் சூட்டுலயே, மீன் கழிவை உடைக்கற பாக்டீரியாவை ஃபில்டர்ல வளருங்க. குளிர்ந்த தண்ணியில அது வளர ரொம்ப நாள் எடுக்கும், அதனால 25 டிகிரியில வளர்த்துட்டு அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா இறக்கறது வேகமான வழி. கடையில கிடைக்கற அம்மோனியா டெஸ்ட், நைட்ரைட் டெஸ்ட் ரெண்டுலயும் பூஜ்யம் வந்ததும் சில்லரைப் போட்டு 15க்குக் கொண்டு வாங்க. ஆகஸ்ட் முழுக்க அது 15ல நிக்குதான்னு பாருங்க. நின்னா மீன் வாங்கலாம். 19க்கும் 20க்கும் போய் வந்துட்டு இருந்தா சில்லர் பத்தலை, மீன் வாங்காதீங்க. 18க்கு மேல போனா இட்டோ சாப்பாட்டைக் குறைக்கும், 20 தாண்டி நின்னா ஆபத்து. சூடான தண்ணியில ஆக்ஸிஜனும் குறையும், 15 டிகிரியில லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரையும், 25ல 8 கிட்டதான்.

தண்ணி மாத்தறதையும் இதே ஆகஸ்ட்ல பழகிடுங்க. டோக்கியோ குழாய்த் தண்ணி அப்ப 27 டிகிரி கிட்ட வரும். தொட்டியில மூணுல ஒரு பங்கை அதால மாத்தினா 15 டிகிரி ஒரே அடியா 19 ஆயிடும். பத்துல ஒரு பங்குன்னா 16தான். அதனால வெயில்காலத்துல கொஞ்சமா, அடிக்கடி, மெல்ல சொட்டு சொட்டா விடணும். குளோரின் எடுக்கற மருந்தைக் கொஞ்சம் தாராளமா போடுங்க, சால்மன் குடும்பத்துக்குக் குளோரின் சுத்தமா ஆகாது.

கரண்ட் போனா என்னன்னும் இப்பவே பாருங்க. மெயின் சுவிட்சை அணைங்க, மேல் தொட்டித் தண்ணி கீழ் தொட்டிக்கு வடிஞ்சு தரையில வழியுதான்னு பார்த்துட்டு நீர்மட்டத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு வாங்கி வெச்சுக்கோங்க, பூகம்ப நாட்டுல இது செலவே இல்லை.

6. இப்ப மீன் வாங்கலாம்

அக்டோபர், நவம்பர் நல்ல மாசம். குஞ்சு சைஸைப் பொறுத்து சில ஆயிரம் யென். பத்து செ.மீ. தாண்டின, கடையிலயே பெல்லட் (உருண்டைத் தீவனம்) தின்னுட்டு இருக்கறதைக் கேளுங்க, உங்க கண்ணு முன்னாடி போடச் சொல்லி தின்னுதான்னு பார்த்துட்டு வாங்குங்க. ரெண்டு மூணு வாங்கறதா இருந்தா ஒரே சைஸா எடுங்க, ஒண்ணு கொஞ்சம் பெருசா இருந்தாலும் மத்ததைத் தின்னுடும். வாங்கறதுக்கு முன்னாடி முடிஞ்சா ஹொக்கைடோ கிதாமியில இருக்கற 'கிதா நோ தாய்ச்சி' அக்வேரியத்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க, ஒரு மீட்டர் கிட்ட வளர்ந்த இட்டோ கூட்டமா சுத்தறதை அங்க பார்க்கலாம். அதைப் பார்த்துட்டு உங்க ஹாலை நினைச்சுப் பாருங்க, பாதிப் பேர் அங்கயே மனசு மாறிடுவாங்க, அது நல்லதுக்குத்தான்.

மூடிக்கு மேல கனம் வெச்சே ஆகணும். இட்டோ குதிக்கும், ராத்திரி திடீர்னு லைட் போட்டா பயந்து கண்ணாடியில மோதி மூக்கு கிழிஞ்சுக்கும். மெதுவா ஏறி இறங்கற லைட் வாங்குங்க.

7. சாப்பாடு

ட்ரவுட் பண்ணைக்கான பெல்லட்டே போதும். வேட்டை மீனுக்கு உயிர்மீன் போட்டுத்தான் பழக்கணும்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு தங்கமீன் வாங்கிப் போடாதீங்க, அதுல ஒட்டுண்ணி வரும், தினமும் அதையே போட்டா வைட்டமின் பி1 குறைஞ்சு நரம்புக் கோளாறு வரும். பெல்லட்டுக்கே அது வர்ற வேகத்தைப் பார்க்கணும், அடியில செத்த மாதிரி கிடக்கற மீன் ஒரு வளைவு வளைஞ்சு மேல வந்து பக்கவாட்டுல கவ்வி, அந்த வேகத்துலயே மறுகோடி வரைக்கும் போயிடும். அதனால சாப்பாட்டை எப்பவும் தொட்டி நடுவுல போடுங்க, ஓரத்துல போட்டா சுவத்துல இடிச்சுக்கும். மீதி விழுந்ததை உடனே எடுத்துடுங்க.

8. முடியலைன்னா என்ன பண்றது

சில்லர் செலவு ஆகாதுன்னு தோணினா உள்ளூர் கெளுத்தி 'நமாசு' வளர்க்கலாம், 60 செ.மீ. வரைக்கும் வரும், சில்லரே வேண்டாம். 'கமுருச்சி'யும் அப்படித்தான், நம்ம ஊர் விரால் குடும்பம், குளிர் வெயில் ரெண்டையும் தாங்கும், பார்த்தாலே ஊர் ஞாபகம் வந்துடும். ஆனா அது வெளியில இருந்து வந்த மீன், சில மாகாணங்கள்ல தனி விதி இருக்கு, ஷிகா மாதிரி இடங்கள்ல வளர்க்கறதுக்கே முன்கூட்டி பதிவு கேக்கற இனங்கள் இருக்கு, உங்க மாகாண ஆபீஸ்ல கேட்டுடுங்க.

இட்டோ வாங்கினப்புறம் வெச்சுக்க முடியலைன்னா அக்வேரியத்துல எடுத்துக்குவாங்கன்னு நம்பாதீங்க, எடுக்க மாட்டாங்க. ஆத்துல விடறது அதை விட மோசம், பண்ணை மீன் காட்டு மீனோட கலந்தா இருக்கற கொஞ்ச நஞ்ச இனமும் கெட்டுப் போகும். வித்த கடையில திருப்பி எடுத்துக்குவாங்களான்னு வாங்கும்போதே கேட்டு வெச்சுக்கோங்க, சில கடையில பெரிய மீனை எடுத்துக்குவாங்க.

வீடு மாறறதா இருந்தா, மூவிங் கம்பெனி காலித் தொட்டியைத்தான் தூக்குவாங்க, மீன் உங்க பொறுப்பு. மூடி இறுக்கமா இருக்கற பெரிய கூலர் பாக்ஸ், பழைய தொட்டித் தண்ணி, பேட்டரி பம்ப், அவ்வளவுதான். முந்தின ரெண்டு நாள் சாப்பாடு போடாதீங்க. புது வீட்டுல முதல்ல ஏத்த வேண்டியது தொட்டியும் சில்லரும், ஃபில்டர் பஞ்சை காய விடாம ஈரமாவே கொண்டு போங்க. மார்ச் கடைசியில லாரி வாடகை எக்கச்சக்கமா ஏறிடும், ஜனவரி பிப்ரவரியில மாறினீங்கன்னா பணமும் மிச்சம், வழியில தண்ணியும் தானா ஜில்லுனு இருக்கும்.